காருக்குள் எல்இடி பல்பு: வாங்கும் முன் சில கேள்விகள்

காரின் உள் விளக்குகளை எல்இடிக்கு மாற்றுவது பற்றி வாசகர்கள் கேட்டவற்றில் ஏழு கேள்விகளை எடுத்துக்கொண்டேன். ஒன்றோடொன்று தொடர்புள்ளவை என்பதால் சேர்த்தே பதில் சொல்கிறேன். என் சொந்தக் காரில் மாற்றிப் பார்த்து, பிடிக்காமல் கழற்றி, மறுபடியும் மாற்றிய அனுபவமும் இதில் இருக்கிறது.

கேள்வி: என் காருக்குப் பத்து வயது. கூரை விளக்கு மங்கலான மஞ்சளாக எரிகிறது. சீட்டுக்கு அடியில் சாவி விழுந்தால் செல்போன் டார்ச் அடித்துத்தான் தேட வேண்டியிருக்கிறது. எல்இடி போட்டால் வித்தியாசம் தெரியுமா?

பதில்: நன்றாகவே தெரியும். ஆனால் அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. விளக்கின் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றி, சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைத்து மாட்டுங்கள். பத்து வருடத் தூசியும் செத்த பூச்சிகளும் அதற்குள் சேர்ந்திருக்கும். பல்பின் கண்ணாடியையும் பாருங்கள். உள்பக்கம் கறுத்திருந்தால், இழையிலிருந்து டங்ஸ்டன் ஆவியாகிப் படிந்திருக்கிறது என்று அர்த்தம். மூடியைக் கழுவி, ஒரு புது சாதா பல்பைப் போட்டதுமே திருப்தியாகிவிடுகிறவர்கள் உண்டு.

அதற்கு மேலும் வெளிச்சம் வேண்டுமென்றால் எல்இடிக்குப் போகலாம். காருக்குள் பரவலாக இருக்கும் 5 வாட் குண்டு பல்பு சுமார் 50 லூமன் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சம்தான் தரும். அது இழுக்கும் மின்சாரத்தில் பெரும்பகுதி வெப்பமாகவே போய்விடுகிறது. 1 வாட் எல்இடி நல்ல தரமாக இருந்தால் அதைவிடக் கூடுதலாகவே வெளிச்சம் தரும். பேட்டரிக்கும் இது நல்லது. 10 வாட் பல்பை இரவு அணைக்க மறந்துவிட்டால் பத்து மணி நேரத்தில் பேட்டரியின் இருப்பில் சுமார் 8 ஆம்பியர்-மணி போய்விடும். 45 ஆம்பியர்-மணி பேட்டரி, அதுவும் வயதானது என்றால், காலையில் ஸ்டார்ட் ஆகத் திணறும். அதே பத்து மணி நேரத்துக்கு 1 வாட் எல்இடி எடுப்பது 1 ஆம்பியர்-மணிக்கும் குறைவு.

கேள்வி: தேடிப் பார்த்தால் டி10, ஃபெஸ்டூன், 31 மி.மீ., 36 மி.மீ. என்று ஏதேதோ வருகிறது. எல்லா அளவும் கலந்த செட்டாக வாங்கிவிட்டால் தொல்லை விட்டதல்லவா?

பதில்: செட் வேண்டாம். அதில் பாதி உங்கள் காருக்குச் சேராது, சேருகிற பாதியும் உங்களுக்குப் பிடிக்கும் நிறமாக இருக்கும் என்று சொல்ல முடியாது. காரில் இருக்கிற பல்பைக் கழற்றிக் கையில் வைத்துப் பாருங்கள், குழப்பம் தீர்ந்துவிடும்.

இரண்டு முனையிலும் உலோகத் தொப்பி, நடுவில் கண்ணாடிக் குழாய் என்று இருந்தால் அது ஃபெஸ்டூன். கூரை விளக்கிலும் டிக்கியிலும் பெரும்பாலும் இதுதான். ஸ்கேலை வைத்து இந்த முனையிலிருந்து அந்த முனை வரை அளங்கள். 31, 36, 39, 41 அல்லது 42 மி.மீ. என்று ஏதாவது ஒன்று வரும். அந்த அளவையே வாங்குங்கள். 39 கிடைக்கவில்லையென்று 36-ஐ வாங்கி, ஹோல்டரின் தகட்டைக் குறடால் உள்பக்கம் வளைத்து மாட்டுவார்கள். அன்றைக்கு எரியும். நாலு பள்ளத்தில் ஏறி இறங்கியதும் தொடர்பு விட்டு விட்டுப் போகும். பழி பல்பின் மேல் விழும்.

அடியில் உலோகமே இல்லாமல், கண்ணாடியே தட்டையாகி, இரண்டு பக்கமும் மெல்லிய கம்பி மடிந்திருந்தால் அது டி10. டபிள்யூ5டபிள்யூ என்று அச்சிட்டிருப்பதும் இதே குடும்பம்தான். கதவு விளக்கு, படிக்கும் விளக்கு, கையுறைப் பெட்டி (குளோவ் பாக்ஸ்) போன்ற இடங்களில் இருக்கும்.

நீளம் சரியாக இருந்தால் மட்டும் போதாது. எல்இடி பலகை (வெளிச்சம் தரும் சிப்கள் பதித்த சின்னத் தகடு) பழைய கண்ணாடிக் குழாயைவிட அகலமாக இருந்தால் மூடி மூடாது. அப்புறம், குண்டு பல்பு எல்லாப் பக்கமும் வெளிச்சம் விடும், எல்இடியோ முகம் பார்க்கிற பக்கம்தான் விடும். டி10 படுத்த நிலையில் உட்காரும் விளக்கில், நுனியில் மட்டும் சிப் வைத்த பல்பைப் போட்டால் வெளிச்சம் பக்கச் சுவரில் அடித்து வீணாகும். அங்கே பக்கவாட்டில் சிப் உள்ளதுதான் வேண்டும். சிப்பின் எண்ணிக்கையை வைத்துத் தரத்தை முடிவு செய்யாதீர்கள். விளம்பரத்தில் வரும் 5050 என்ற எண், 5 மி.மீ.க்கு 5 மி.மீ. என்ற சிப்பின் அளவை மட்டுமே சொல்கிறது. இன்ஜின் ஓடாதபோது 12.6 வோல்ட் அளவில் இருக்கும் மின்னழுத்தம், ஓடும்போது 14-ஐத் தாண்டும். அந்த ஏற்றத்தைத் தாங்க, மின்னோட்டத்தை ஒரே சீராக வைத்திருக்கும் மின்சுற்று பல்புக்குள்ளேயே இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். வெறும் மின்தடையை மட்டும் நம்பி இருப்பவை சூடேறிச் சீக்கிரம் மங்கிவிடுகின்றன. சீக்கிரம் கெடும் பல்புகளில் பலவற்றுக்குக் காரணம் இதுதான்.

புதிய கார்கள் சிலவற்றில் எல்இடி பலகையோடு சேர்த்தே பற்றவைக்கப்பட்டிருக்கும். அங்கே தனியாகப் பல்பு மாற்ற வழியில்லை.

கேள்வி: 3000, 4300, 6000, 8000 கெல்வின் என்று போட்டிருக்கிறதே, எதை எடுப்பது? அதிகம் என்றால் வெளிச்சமும் அதிகம்தானே?

பதில்: இல்லை. கெல்வின் சொல்வது நிறத்தை. வெளிச்சத்தின் அளவைச் சொல்வது லூமன். இந்த ஒரு குழப்பத்தால்தான் பலரும் ஏமாந்து போகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பழைய குண்டு பல்பின் மஞ்சள் சுமார் 2700 கெல்வின். எண் ஏற ஏற வெள்ளையாகி, 6000-க்கு மேல் நீலம் தட்டும். 8000 என்பது அப்பட்டமான நீல வெள்ளை. வெள்ளை எல்இடியின் அடிப்படையே நீல சிப்தான். அதன்மேல் பூசிய மஞ்சள் பாஸ்பர் (ஒளிரும் பொடி) சேர்ந்துதான் நம் கண்ணுக்கு வெள்ளையாகிறது. நீல எல்இடியை உருவாக்கியதற்காக அகசாகி, அமானோ, நகமுரா மூவரும் 2014-இல் இயற்பியல் நோபல் பெற்றார்கள். கெல்வின் எண் ஏறினால் அந்த நீலம் மேலோங்கி, சிவப்பு குறைந்துபோகிறது.

இது காருக்குள் எப்படித் தெரியும்? நான் முதலில் போட்டது 6500. கதவைத் திறந்ததும் பளிச்சென்றுதான் இருந்தது. பின்சீட்டில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்த்தால் முகத்தில் இரத்த ஓட்டமே இல்லாதது போலச் சாம்பல் பூத்திருந்தது. ஒரு கணம் பதறிப்போய் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். குழந்தைக்கு ஒன்றுமில்லை, விளக்குதான் காரணம். பழுப்பு நிற சீட் துணிகூட அழுக்கேறிய சாம்பலாகத் தெரிந்தது. மறுநாளே கழற்றிவிட்டு 4000-க்குப் போனேன். முகம் முகமாகவே தெரிகிறது, காகிதத்தில் உள்ள சின்ன எழுத்தையும் படிக்க முடிகிறது.

ஆகவே 3000-க்கும் 4300-க்கும் இடையில் எடுங்கள். சீட்டும் கூரைத் துணியும் இளம் பழுப்பாக இருந்தால் 3000 பக்கம் நல்லது. கறுப்பு, சாம்பல் என்றால் 4000 பக்கம். நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதற்கு சிஆர்ஐ என்ற அளவு இருக்கிறது. பெட்டியில் அது 80-க்கு மேல் என்று இருந்தால் வாங்கலாம், 90 என்றால் யோசிக்கவே வேண்டாம். டிக்கிக்கு மட்டும் 6000 போட்டாலும் பரவாயில்லை, அங்கே யார் முகத்தையும் பார்க்கப் போவதில்லை.

இன்னொன்றும் உண்டு. நம் கண் இருட்டுக்கு முழுதாகப் பழக 20 முதல் 30 நிமிடம் வரை எடுக்கும். இரவில் அதிவெளிச்சமான விளக்கின் கீழ் உட்கார்ந்துவிட்டு உடனே வண்டியை எடுத்தால், ஓரத்தில் நடந்து போகிறவர் கண்ணில் படுவது தாமதமாகும். கூரை விளக்குக்குப் பழைய பல்பைப் போல இரண்டு மடங்கு வெளிச்சம் தாராளம். 500 லூமன், 800 லூமன் என்று ஆசை காட்டுவதையெல்லாம் விட்டுவிடுங்கள்.

கேள்வி: எல்இடி மாற்றினேன். விளக்கை அணைத்த பிறகும் மின்மினி மாதிரி லேசாக எரிந்துகொண்டே இருக்கிறது. பேட்டரி காலியாகிவிடுமா? கேன்பஸ் பல்பு வாங்கச் சொல்கிறார்கள்.

பதில்: பயப்பட வேண்டாம். பல கார்களில் விளக்கைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டி, அணைந்திருக்கும்போதும் கம்பியில் மிகச் சிறிய மின்னோட்டத்தை விட்டு வைத்திருக்கும். குண்டு பல்பின் இழை சிவக்க அது போதாது என்பதால் இத்தனை நாளாக உங்களுக்குத் தெரியவில்லை. எல்இடி சில மில்லிஆம்பியருக்கே கண் விழித்துவிடும். அந்த அளவில் பேட்டரிக்கு ஆபத்தில்லை. காரைப் பூட்டிச் சில நிமிடம் கழித்து அதுவாகவே அணைந்துவிட்டால் யோசிக்கவே தேவையில்லை.

கண்ணை உறுத்தினால் முதலில் காசில்லாத வழியைப் பாருங்கள். ஒரே சுவிட்சில் இரண்டு மூன்று விளக்குகள் சேர்ந்து எரிகின்றன என்றால், அவற்றில் ஒன்றில் மட்டும் பழைய குண்டு பல்பைத் திரும்பப் போடுங்கள். கசியும் மின்சாரத்தை அது வாங்கிக்கொள்ளும், மற்றவை முழுதாக அணையும். எனக்குத் தெரிந்து இதைவிடச் சுலபமான வைத்தியம் இல்லை.

கேன்பஸ் என்று விற்பவற்றில் பெரும்பாலும் உள்ளே கூடுதலாக மின்தடை இருக்கும். பழைய பல்பு இழுத்த அளவு மின்சாரத்தை இழுப்பது போலக் காட்டி, பல்பு போய்விட்டது என்ற எச்சரிக்கை வராமல் செய்வதற்காக அது. எல்லாக் கார்களும் உள் விளக்கைக் கண்காணிப்பதில்லை. எச்சரிக்கை எதுவும் வராத காருக்கு அது தேவையே இல்லை. மின்தடை இழுக்கும் மின்சாரம் முழுக்க வெப்பமாகத்தான் வெளியேறும். மூடிய சின்ன விளக்குக்குள் அந்தச் சூடு பிளாஸ்டிக்கை மஞ்சளாக்கும், எல்இடியின் ஆயுளையும் தின்னும்.

பல்பு மாற்றியதிலிருந்து ரேடியோவில் இரைச்சலோ, ரிமோட் சாவி அருகில் வந்தால்தான் வேலை செய்வதோ இருந்தால், பல்பின் உள் சுற்று தரமற்றது. விற்றவரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: நானே மாற்றலாமா, எலக்ட்ரீஷியனிடம் போகவா?

பதில்: நீங்களே மாற்றலாம். விளக்கு அணைந்திருந்தாலும் ஹோல்டரில் மின்சாரம் இருக்கலாம். இதை நான் கற்றுக்கொண்டது ஒரு பொறியால். ஃபெஸ்டூன் பல்பை ஸ்க்ரூடிரைவர் நுனியால் நெம்பினேன். நுனி இரண்டு தகட்டையும் சேர்த்துத் தொட்டுவிட்டது. சட்டென்று ஒரு நீலப் பொறி, அத்தோடு எல்லாம் இருட்டு. கூரை விளக்கோடு சேர்ந்து கடிகாரமும் நின்றுவிட்டது. ஃப்யூஸ் போயிருந்தது.

அதனால் அந்த விளக்குக்குரிய ஃப்யூஸை முதலில் பிடுங்கிவிடுங்கள். எது என்று காரின் கையேட்டில் இருக்கும். மூடியை நெம்ப உலோகம் வேண்டாம், பிளாஸ்டிக் கரண்டியோ பழைய ஏடிஎம் அட்டையோ போதும். எரிந்துகொண்டிருந்த பல்பு விரலைச் சுடும், ஆறவிடுங்கள். புது பல்பைப் போட்டு ஃப்யூஸைச் செருகியும் எரியவில்லையா? எல்இடிக்கு நேர்முனை எதிர்முனை உண்டு. ஃப்யூஸை மறுபடி எடுத்துவிட்டு, பல்பைத் திருப்பிப் போடுங்கள். மூடியைக் கடைசியாக மாட்டுங்கள்.

கேள்வி: டேஷ்போர்டு மீட்டருக்குள் இருக்கும் சின்ன பல்புகளையும் மாற்ற ஆசை.

பதில்: வேகமானி, எரிபொருள் முள் இவற்றுக்குப் பின்னால் வெளிச்சம் தரும் பல்புகளை மாற்றலாம். ஆனால் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழ் முன்பு போலச் சீராக வேலை செய்யாமல் போகலாம். சிவப்பு எழுத்துக்குப் பின்னால் வெள்ளை எல்இடியைப் போட்டால் எழுத்து வெளிறித் தெரியும், அங்கே சிவப்பு எல்இடியே நல்லது.

பேட்டரி படம் போட்ட எச்சரிக்கை விளக்கை மட்டும் தொடாதீர்கள். பழைய கார்கள் பலவற்றில் அந்தப் பல்பு வழியாகப் போகும் மின்சாரம்தான், பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரை முதலில் உசுப்புகிறது. எல்இடி விடும் மின்னோட்டம் அதற்குப் போதாது. விளைவு, இன்ஜின் ஓடும், பேட்டரி சார்ஜ் ஆகாது. காரணம் புரியாமல் பேட்டரியையும் ஆல்டர்னேட்டரையும் மாற்றுகிற நிலை வரும்.

கேள்வி: கால் வைக்கும் இடத்தில் நீல எல்இடி ஸ்ட்ரிப் (பட்டை) ஒட்டலாமா? நம்பர் பிளேட் விளக்கும் டி10தான் என்கிறார்கள், அதிலும் போடலாமா?

பதில்: ஸ்ட்ரிப் ஒட்டலாம். சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் செருகும் வகையை எடுங்கள். இருக்கிற வயரைச் சீவி முறுக்கி இணைத்தால் வாரண்டி கேட்கும்போது சிக்கல் வரும், தீப்பிடிக்கும் வாய்ப்பும் அங்கேதான். கதவுத் தூண் வழியாகவோ கூரை ஓரமாகவோ வயரை இழுக்காதீர்கள். பக்கவாட்டு ஏர்பேக் விரியும் வழி அது. பெடலுக்குப் பக்கம் தொங்கும்படியும் எதுவும் இருக்கக் கூடாது. நீலமும் சிவப்பும் வெளியிலிருந்து தெரிந்தால் பல நாடுகளில் அபராதம் உண்டு, ஓட்டும்போது முன்கண்ணாடியில் பிரதிபலித்தால் உங்களுக்கே இடைஞ்சல்.

நம்பர் பிளேட் விளக்கு வெளி விளக்கு. பல்பின் அளவு ஒன்றாக இருந்தாலும் சட்டம் வேறு. உங்கள் ஊர் விதியில் அந்த இடத்துக்கு அனுமதித்த எல்இடி என்று பெட்டியில் இருந்தால் மட்டும் மாற்றுங்கள், இல்லையென்றால் பழைய பல்பே இருக்கட்டும்.