மூட்டு விறைப்பெல்லாம் வாதம் அல்ல: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: 11 வயது மகனுக்குக் காய்ச்சல் வரும்போதெல்லாம் உள்ளங்கையும் உள்ளங்காலும் எரிந்து வலிக்கின்றன, வியர்ப்பதே இல்லை. ருமாட்டிக் காய்ச்சல் என்று பென்சிலின் ஊசி போட்டு வருகிறோம்.

பதில்: தொண்டைத் தொற்றைத் தொடர்ந்து வரும் ருமாட்டிக் காய்ச்சல் பெரிய மூட்டுகளை வீங்கவைத்து ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுமே தவிர, உள்ளங்கையை எரிக்காது. எரிச்சலும் வியர்வையின்மையும் சேர்ந்திருந்தால் ஃபேப்ரி நோயை, அதாவது ஒரு நொதி குறைவதால் கொழுப்புப் பொருள் உடலில் தேங்கும் பரம்பரை நோயை, தேடியாக வேண்டும். தொப்புளைச் சுற்றிக் கருஞ்சிவப்புப் புள்ளிகள் உள்ளனவா, தாய்வழி ஆண்களில் எவருக்கேனும் இளவயதிலேயே சிறுநீரகம் செயலிழந்ததா என்று பாருங்கள். ஆண் பிள்ளைகளில் ஆல்ஃபா கேலக்டோசிடேஸ் என்ற அந்த நொதியின் அளவே விடை சொல்லிவிடும். பெண்களில் அது இயல்பாக இருந்தாலும் நோய் இருக்கக்கூடும் என்பதால் மரபணுப் பரிசோதனை தேவை. பென்சிலினை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

கேள்வி: எனக்கு வயது 45. முதுகெலும்பு இறுக்க வாதம் என்கிறார்கள். சிறுநீர் சிறிது நேரம் நின்றால் கறுத்துவிடுகிறது. இரண்டுக்கும் தொடர்புண்டா?

பதில்: உண்டு. ஆல்காப்டோனூரியாவாக இருக்கலாம்; ஹோமோஜென்டிசிக் அமிலம் என்ற பொருள் சிதையாமல் தேங்கி, சிறுநீரைக் கறுக்கவைத்து முதுகெலும்பையும் இறுக்கும் பரம்பரை நோய் அது. 1902இலேயே ஆர்ச்சிபால்ட் கேராட் இதைப் பிறவி வளர்சிதைக் கோளாறாக விளக்கினார். சிறுநீரில் அந்த அமிலத்தை அளக்கச் சொல்லுங்கள். எக்ஸ்ரேயில் முதுகெலும்பின் இடைத்தட்டுகளில் சுண்ணாம்பு படிந்திருந்தால் ஐயம் வலுக்கும்.

கேள்வி: எனக்கு மூட்டு வலி. இது பரம்பரை நோயா? என்ன மாத்திரை சாப்பிடலாம்?

பதில்: வயது, எந்த மூட்டு, எத்தனை மாதமாக வலி, ரத்தப் பரிசோதனை முடிவு ஆகிய எதையும் எழுதாமல் மாத்திரையின் பெயரை மட்டும் கேட்பது உங்களுக்கே தீங்கு. விவரங்களோடு மீண்டும் எழுதுங்கள்.

கேள்வி: ஆறு வயது மகளின் விரல்கள் மடங்கியே நிற்கின்றன, வீக்கமோ காலை நேர விறைப்போ இல்லை. அழற்சியைக் காட்டும் ரத்தப் பரிசோதனைகளான ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. இயல்பு. இளம்பருவ மூட்டுவாதம் என்று இரண்டு ஆண்டுகளாக ஸ்டீராய்டும் மெத்தோட்ரெக்ஸேட்டும் தருகிறார்கள்; பயனில்லை.

பதில்: இத்தகைய கடிதம் வரும்போதெல்லாம் எனக்கு வேதனையும் கோபமும் ஒருசேர எழுகின்றன. அழற்சியின் அடையாளம் ஒன்றுகூட இல்லாத மூட்டுக்கு அழற்சி மருந்தை ஆண்டுக்கணக்கில் கொடுப்பதும், பலனில்லை என்றதும் அளவைக் கூட்டுவதும், முதலில் சொன்ன நோயின் பெயரைச் சந்தேகிக்க எவருமே முன்வராததும்தான் இந்தக் குழந்தைகளின் பொன்னான காலத்தைத் தின்கின்றன. வீங்காமல், சூடேறாமல் விறைக்கும் விரல்கள் என்றால் மியூகோபாலிசாக்கரைடோசிஸ், அதிலும் முதல் வகையின் மிதமான வடிவம், நினைவுக்கு வர வேண்டும். அதில் சிதைக்கப்படாத சர்க்கரைச் சங்கிலிகள் திசுக்களில் தேங்குகின்றன. ஸ்டீராய்டு அந்தத் தேக்கத்தைத் தொடக்கூட முடியாது. குழந்தைக்குக் குடலிறக்க அறுவை நடந்ததா, காதுத் தொற்று அடிக்கடி வந்ததா, கருவிழி மங்கலா, இதய வால்வு தடித்துள்ளதா? சிறுநீர்ப் பரிசோதனை மிதமான வடிவத்தைத் தவறவிடலாம் என்பதால் அந்தச் சங்கிலிகளைச் சிதைக்க உதவும் ஆல்ஃபா ஐடியூரோனிடேஸ் நொதியையே ரத்தத்தில் அளக்க வேண்டும். நோய் உறுதியானால், 2003 முதல் பயன்பாட்டிலுள்ள நொதி மாற்றுச் சிகிச்சையை எவ்வளவு விரைவில் தொடங்குகிறோமோ அவ்வளவு நன்மை. மயக்க மருந்து கொடுக்க நேர்ந்தால், மூச்சுக்குழாய் குறுகியிருக்கலாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மீண்டும் சொல்கிறேன்: ஸ்டீராய்டையும் நீங்களாக நிறுத்தாதீர்கள், திடீரென நிறுத்துவது உயிருக்கே ஆபத்து.

கேள்வி: எலும்பு உருவாக உதவும் நொதியான ஆல்கலைன் பாஸ்படேஸ் என் ரத்தத்தில் 18தான் இருக்கிறது. கூடினால்தான் கவலை என்கிறார்கள். பாதத்தில் எலும்பு முறிவு ஆறவில்லை.

பதில்: குறைவும் நோய்தான். அந்த நொதி குறைந்து எலும்பும் பல்லும் வலுவிழக்கும் பரம்பரை நோயான ஹைப்போபாஸ்படேசியாவைச் சோதியுங்கள், பால் பற்கள் ஐந்து வயதுக்கு முன்பே வேரோடு விழுந்தனவா என்று உங்கள் தாயிடம் கேளுங்கள். முடிவு தெரியும்வரை எலும்புத் தேய்வுக்கான பிஸ்பாஸ்போனேட் மாத்திரை வேண்டாம்.