சம்பளப் பட்டியலும் நிராகரிப்புக் கடிதமும்

வணக்கம் அம்மா,

மனிதவளத் துறையில் 14 ஆண்டுகளாக இருக்கிறேன். இந்தத் துறைக்கு வர விரும்பும் 5 மாணவர்களுக்கு ஆறு மாதம் வழிகாட்டும்படி நான் படித்த கல்லூரியில் கேட்டிருக்கிறார்கள். ஏன் இந்த வேலை என்று முதல் நாள் கேட்டேன். நான்கு பேர் "மனிதர்களோடு பழகப் பிடிக்கும்" என்றார்கள். ஐந்தாவது பெண் "எனக்குக் கணக்கு வராது" என்றாள். நேர்முகத் தேர்வுக் கேள்விகளும் பதில்களும்தான் எல்லோருக்கும் உடனே வேண்டுமாம். அதைக் கொடுப்பதுதான் வழிகாட்டுவதா? இந்த வேலையில் நெடுங்காலம் இருந்தவர் என்பதால் உங்களிடம் கேட்கிறேன்.

ம.

அன்புள்ள ம.,

அந்த ஐந்தாவது பெண்ணிடமிருந்து தொடங்குங்கள். மனதில் இருந்ததை அப்படியே சொன்னவள் அவள்தான். ஆனால் கணக்கு இல்லாமல் இந்த வேலை இல்லை. விடுப்புக் கணக்கில் ஒரு நாள் தவறாக ஏறினால், யாரோ ஒருவருக்கு அந்த மாதம் சம்பளம் குறையும். வேண்டுமென்றே சில தவறுகள் வைத்த மாதிரிச் சம்பளப் பட்டியல் ஒன்றை அவளிடம் கொடுத்து, கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.

மற்ற நால்வருக்கும் நான் வழக்கமாகக் கொடுக்கும் பயிற்சி, வேலை கிடைக்காதவருக்கு ஒரு கடிதம் எழுதுவது. ஒரு மாணவன் இரண்டே நிமிடத்தில் எழுதிக் கொண்டுவந்தான். "தங்கள் விண்ணப்பத்தைக் கவனமாகப் பரிசீலித்தோம். தங்கள் எதிர்காலம் சிறக்க வாழ்த்துகள்." மூன்று சுற்றுத் தேர்வு முடித்துவிட்டுக் காத்திருக்கும் உன் அக்காவுக்கு இது வருகிறது என்று வைத்துக்கொள், இப்போது படி என்றேன். வெகுநேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தான். முதலில் வாழ்த்தை அடித்தான். பிறகு எந்தத் தகுதியில் குறை இருந்தது என்று ஒரு வரி சேர்த்தான். கடைசியில் அவனே கேட்டான்: "மூன்று சுற்று வந்தவரைத் தொலைபேசியில் அழைத்துச் சொல்ல வேண்டாமா?" அந்தக் கேள்வி வந்ததும் கடிதத்தை வாங்கி வைத்துவிட்டேன்.

நேர்முகத் தேர்வுக்குப் பதில்களை மனப்பாடம் செய்ய வைக்காதீர்கள். அவர்களைக் கேள்வி கேட்கும் நாற்காலியில் உட்கார வையுங்கள். ஒரே ஆளை ஐவரும் தனித்தனியாகச் சந்தித்து, கலந்து பேசாமல் மதிப்பெண் போடட்டும். பெரும்பாலும் ஆளுக்கொரு மதிப்பெண்ணாக இருக்கும். பிறகு கேள்விகளையும் மதிப்பெண் அளவையும் முன்கூட்டியே முடிவு செய்துகொண்டு, வேறொருவரிடம் அதையே திரும்பச் செய்யட்டும். ஷ்மிட், ஹன்டர் என்ற உளவியல் ஆய்வாளர்கள் இருவரும் ஆள்தேர்வு பற்றிய 85 ஆண்டு ஆய்வுகளைத் தொகுத்து 1998இல் வெளியிட்ட கட்டுரை, இப்படி ஒழுங்குபடுத்திய தேர்வு ஒருவர் வேலையை எப்படிச் செய்வார் என்பதை மனம்போன போக்கில் கேட்பதைவிட நன்றாகக் கணிக்கிறது என்றது. 2022இல் சாக்கெட்டும் சக ஆய்வாளர்களும் அந்தக் கணக்குகளைத் திருத்தியபோது பல முறைகளின் மதிப்பு இறங்கியது. ஒழுங்குபடுத்திய நேர்முகத் தேர்வு முதலிடத்துக்கு வந்தது.

சான்றிதழ்ப் படிப்புகளைப் பற்றிக் கேட்பார்கள். வேலையில் சேர்ந்து ஓர் ஆண்டு கழித்துப் பார்க்கலாம் என்று சொல்லுங்கள்.

இந்த வேலையின் பிறப்பிலேயே உள்ள சிக்கலை மட்டும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். 1896இல் இங்கிலாந்தின் யார்க் நகரில் ரவுண்ட்ரீ சாக்லேட் தொழிற்சாலை, பெண் தொழிலாளர்களின் நலனைக் கவனிக்க மேரி வுட் என்பவரை நியமித்தது. அத்தகைய நலப் பணியாளர்கள் 1913இல் தொடங்கிய சங்கத்தின் வழிவந்ததுதான் மனிதவளத் துறையினருக்கான இன்றைய பிரிட்டன் அமைப்பான சிஐபிடி. கவனிக்க வேண்டியது தொழிலாளியை, சம்பளம் தருவது முதலாளி. அன்றும் அப்படித்தான், இன்றும் அப்படித்தான்.

அதனால்தான் "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று யாருக்கும் முன்கூட்டி வாக்குக் கொடுக்கக் கூடாது. வேலைக்கு வந்த புதிதில் ஓர் ஊழியப் பெண்ணுக்கு நான் கொடுத்தேன். அந்தப் பெண் தன் மேலாளர் நடந்துகொண்ட விதத்தைச் சொன்னாள். கேட்ட பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை, மேலே கொண்டுபோனேன். விசாரணை நடந்தது, மேலாளர் போனார். அவள் அதன்பிறகு என்னிடம் பேசவே இல்லை. அவள் பக்கம் நியாயம் இருந்தது. "தெரிய வேண்டியவர்களைத் தவிர யாருக்கும் தெரியாது, அவர்கள் யார் என்பதை உங்களிடம் முதலில் சொல்வேன்" என்று பேச்சைத் தொடங்கியிருக்க வேண்டும். இந்த வாக்கியத்தை ஐவரும் வாய்விட்டுச் சொல்லிப் பழகட்டும். முதலில் நாக்குத் தடுமாறும்.

அந்த ஐந்தாவது பெண் சம்பளப் பட்டியலில் எத்தனை தவறுகளைக் கண்டுபிடித்தாள் என்று எனக்கு எழுதுங்கள்.