வேலேண்டில் நகராத சொந்த டைட்டில் பார்
கியூட்டியில் (செயலிகளின் விண்டோ, பட்டன்களை உருவாக்க உதவும் புரோகிராமிங் தொகுப்பு, Qt) சிஸ்டத்தின் சட்டத்தை நீக்கும் ஃபிரேம்லெஸ் ஃபிளாக் போட்டு நீங்களே வரைந்த டைட்டில் பார் விண்டோஸில் இழுபடுகிறது, லினக்ஸில் விண்டோக்களைத் திரையில் காட்டும் முறையான வேலேண்டில் அசைய மறுக்கிறது, அதுதானே சிக்கல்? மவுஸ் நகர்வைக் கணக்கிட்டு மூவ் ஃபங்ஷனை அழைப்பதுதான் காரணம். வேலேண்டில் ஒரு செயலி தன் விண்டோ எங்கே இருக்க வேண்டும் என்று தானே முடிவுசெய்ய முடியாது. விண்டோக்களைத் திரையில் அடுக்கிக் காட்டும் கம்பாசிட்டரிடம் கேட்கத்தான் முடியும்.

கியூட்டி 5.15 முதல் விண்டோவைக் குறிக்கும் கியூவிண்டோ கிளாஸில் ஸ்டார்ட்சிஸ்டம்மூவ் (startSystemMove) என்ற ஃபங்ஷன் இருக்கிறது. அதை அழையுங்கள், மற்றதை சிஸ்டம் பார்த்துக்கொள்ளும். ஆனால் பட்டனை அழுத்திய உடனே அழைக்காதீர்கள். டபுள் கிளிக்கில் பெரிதாக்குவது சில இடங்களில் கெட்டுப்போகலாம். அழுத்திய இடத்தைக் குறித்துவைத்து, மவுஸ் ஸ்டார்ட்டிராக்டிஸ்டன்ஸ் (இழுப்பு என்று கருத வேண்டிய குறைந்தபட்ச தூரம், startDragDistance) அளவைத் தாண்டியதும் அழையுங்கள். ஃபங்ஷனிலிருந்து ஃபால்ஸ் (முடியவில்லை) திரும்பி வந்தால் மட்டும் மூவை அழைக்கும் உங்கள் பழைய நிரல் ஓடட்டும். ஓரங்களை இழுத்து அளவை மாற்ற ஸ்டார்ட்சிஸ்டம்ரீசைஸ் (startSystemResize). எந்த ஓரம் என்று சொன்னால் போதும்.

அப்புறம், டயலாக்குகளுக்கும் இதே அலங்காரம் வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். என்னைக் கேட்டால் வேண்டாம், வீண் வேலை. சிஸ்டம் தரும் ஃபிரேமையே அப்படியே விட்டுவிடுங்கள். ஓகே, கேன்சல் பட்டன்களையும் கையால் அடுக்காமல் கியூட்டியின் கியூடயலாக்பட்டன்பாக்ஸில் (QDialogButtonBox) போடுங்கள்; அந்தந்தத் தளத்தின் வழக்கப்படி அதுவே வரிசைப்படுத்தும்.