முலாம் பூசிய போல்ட் ஏன் தெறிக்கிறது?

கேள்வி: துத்தநாக முலாம் பூசிய 12.9 தர (மிக உயர்ந்த வலிமை கொண்ட) போல்ட்டுகளை இறுக்கிய மறுநாள் தலை தெறித்து விழுகிறது. ஏன்?

பதில்: குற்றவாளி ஹைட்ரஜன்தான்; அதற்குத் துணைபோவது மாசுகள். முலாமுக்கு முன் போல்ட்டை முக்கும் துரு நீக்கும் அமிலத்தில் பிறக்கும் ஹைட்ரஜன் அணுக்கள் இரண்டிரண்டாகச் சேர்ந்து குமிழியாக வெளியேற வேண்டும். அமிலத்தில் கந்தகச் சேர்மமோ ஆர்சனிக்கோ சிறிதளவு இருந்தாலும் அந்தச் சேர்க்கை தடைபடும். தனி அணுக்கள் எஃகுக்குள் நுழைந்துவிடும். எஃகிலேயே பாஸ்பரஸ் மிகுந்தால் அது படிக எல்லைகளில் (எஃகின் நுண்படிகங்கள் ஒன்றையொன்று தொடும் இடங்களில்) படிந்து அவற்றைப் பலவீனமாக்கும். ஹைட்ரஜனும் அங்கேயே சேர்வதால் விரிசல் அந்த வழியே ஓடும். இழுவிசை நீடித்தால் சில மணி நேரம் கழித்தும் உடையும். இறுக்கும்போது தாங்கியதை நம்பாதீர்கள்.

அமிலக் குளியலைச் சுருக்குங்கள், அரிப்புத் தடுப்பான் சேருங்கள். முலாமிட்ட 4 மணி நேரத்துக்குள் 190–220 டிகிரி செல்சியஸில் குறைந்தது 8 மணி நேரம் சுடவையுங்கள்; உள்ளே நுழைந்த ஹைட்ரஜன் வெளியேறும். துத்தநாகப் படலம் ஹைட்ரஜனை எளிதில் வெளியே விடாது, அதனால்தான் இவ்வளவு நேரம். துத்தநாகத்தின் மேல் பாதுகாப்புக்காக இடும் குரோமேட் பூச்சு அதன் பிறகே. முன்பே பூசினால் சூட்டில் கெட்டுவிடும்.