ஆயரா, பேராயரா? அழைப்பிதழில் அடைமொழிச் சிக்கல்

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "எங்கள் ஊரில் சமய நல்லிணக்க விழா நடத்துகிறோம். சைவ ஆதீனம் ஒருவர், கத்தோலிக்க ஆயர், சி.எஸ்.ஐ. பேராயர், பள்ளிவாசல் இமாம், முத்தவல்லி, கோயில் குருக்கள் எல்லோரும் வருகிறார்கள். அழைப்பிதழில் பெயருக்கு முன்னால் என்ன போடுவது? எல்லோருக்கும் 'உயர்திரு' என்றே போட்டுவிட்டால் தப்பா?"

தப்பு இல்லை. ஆனால் வருகிறவர்கள் எல்லோரும் ஏதோ நிறுவனத்தின் மேலாளர்கள் போலத் தெரிவார்கள். ஒவ்வொரு சமயத்தாரும் தங்கள் பெரியவர்களை எப்படி எழுதுகிறார்களோ, அப்படியே எழுதுவதுதான் மரியாதை. அதில் சில குழிகள் இருக்கின்றன. பெரிய குழி உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது.

கத்தோலிக்கத் திருச்சபையில் ஆயர் என்றால் பிஷப். அவருக்கு மேலே பேராயர், அதாவது ஆர்ச்பிஷப். சி.எஸ்.ஐ.யில், அதாவது தென்னிந்தியத் திருச்சபையில், பிஷப்பையே பேராயர் என்கிறார்கள். அங்கே ஆயர் என்பது பல இடங்களில் ஒரு சபையைக் கவனிக்கும் குருவைக் குறிக்கும். ஆக, ஒரே மேடையில் 'ஆயர்', 'பேராயர்' என்று இருவர் பெயர் அச்சாகும்போது, விவரம் தெரியாதவர் ஒருவர் மற்றவருக்குக் கீழே என்று நினைத்துவிடுவார். உண்மையில் இருவரும் பிஷப்புகள்தான். இதைத் தீர்க்க எளிய வழி, பெயரோடு எல்லையையும் சேர்த்து அச்சிடுவது. மறைமாவட்டம் என்றால் கத்தோலிக்கம். திருமண்டலம் அல்லது பேராயம் என்றால் சி.எஸ்.ஐ. "மேதகு ஆயர், இன்ன மறைமாவட்டம்" என்று ஒரு வரியும், "பேராயர், இன்ன திருமண்டலம், சி.எஸ்.ஐ." என்று ஒரு வரியும் போட்டால் குழப்பம் போய்விடும். சி.எஸ்.ஐ. முழுமைக்கும் தலைவராக இருப்பவர் பிரதமப் பேராயர். அந்தச் சொல்லை வேறு யாருக்கும் போட்டுவிடாதீர்கள்.

கீழ்நிலைக் குருக்களுக்கு வந்தால், கத்தோலிக்கத்தில் அருட்தந்தை அல்லது அருள்பணி, கன்னியருக்கு அருட்சகோதரி. சி.எஸ்.ஐ.யிலும் லுத்தரன் சபையிலும் அருள்திரு, சில இடங்களில் மறைதிரு. பெண் குருவானாலும் 'அருள்திரு' மாறாது. பெயருக்குப் பின்னால் 'சே.ச.' என்று இருந்தால் அவர் சேசு சபைக் குரு. அதைத் தலைப்பெழுத்து என்று நினைத்து முன்னால் கொண்டுபோய் வைக்கும் அச்சகங்கள் உண்டு, கவனம். (இன்னொன்று: தமிழில் 'ட்' என்ற மெய்க்குப் பின்னால் 'த' வராது. கறாராகப் பார்த்தால் 'அருட்டந்தை' என்றுதான் எழுத வேண்டும். அப்படி அச்சடித்தால் எழுத்துப்பிழை என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். 'அருட்தந்தை' நிலைத்துவிட்டது, விட்டுவிடுங்கள்.)

நேரில் பேசும்போது இவ்வளவு சிரமம் இல்லை. ஃபாதர், சிஸ்டர், பாஸ்டர் எல்லாமே செல்லும். நெல்லைப் பக்கத்துப் பழைய சபைகளில் போதகரை 'ஐயர்' என்றே அழைப்பார்கள், ஜி.யு. போப் 'போப்பையர்' ஆனதும் அந்த வழக்கில்தான். அங்கே 'ஐயர் வந்துட்டாரா?' என்று யாராவது கேட்டால் விழிக்காதீர்கள்.

அடுத்து, ஆதீனம். இது மடத்தின் பெயர், ஆளின் பெயர் அல்ல. பத்திரிகைகள் 'மதுரை ஆதீனம் பேட்டி' என்று எழுதி எழுதிப் பழக்கிவிட்டன. பேச்சில் பரவாயில்லை; அழைப்பிதழில் மடத்தின் தலைவரை ஆதீனகர்த்தர் அல்லது குருமகாசன்னிதானம் என்று போடுங்கள். தருமபுரம், திருவாவடுதுறை போன்ற மடங்களில் பெயருக்கு முன் 'ஸ்ரீலஸ்ரீ' வரும். குன்றக்குடியில் 'தவத்திரு', 'அடிகளார்'. தமிழ்ப் பற்றில் ஒன்றை மாற்றி இன்னொன்றைப் போடக் கூடாது. எத்தனையாவது சன்னிதானம் என்ற எண்ணும் முக்கியம். தருமபுரத்தில் 2019இல் 26ஆவது சன்னிதானம் பரிபூரணம் அடைந்து (அதாவது காலமாகி) 27ஆவது பொறுப்பேற்றார். பழைய அழைப்பிதழைப் பார்த்து நகல் எடுப்பவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். மடத்திலிருந்து வரும் மற்றத் துறவிகள் தம்பிரான் சுவாமிகள்.

பழைய தாளை நம்பக் கூடாது என்பதற்கு இன்னொரு சான்று கத்தோலிக்க மறைசாட்சி தேவசகாயம். 2012 டிசம்பரில் அவர் அருளாளர், அதாவது புனிதருக்கு முந்தைய படி. 2022 மே 15 முதல் புனிதர். விழா அரங்குக்கோ பந்தலுக்கோ அவர் பெயர் வைப்பதாக இருந்தால் இந்தப் படிநிலையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கோயிலில் பூசை செய்பவர் சிவன் கோயில் என்றால் குருக்கள் அல்லது சிவாச்சாரியார். பெருமாள் கோயில் என்றால் பட்டர் அல்லது பட்டாச்சாரியார். தேவாரம் பாடுபவர் ஓதுவார். அவரை 'அர்ச்சகர்' என்று போட்டால் இரண்டு பேருக்கும் வருத்தம்.

சரி, பள்ளிவாசல். தொழுகை நடத்துபவர் இமாம். எதிரில் பேசும்போது 'ஹஜ்ரத்'. மார்க்கக் கல்வி முடித்தவர் மௌலவி அல்லது ஆலிம், குர்ஆனை மனனம் செய்தவர் ஹாபிழ், ஹஜ் போய் வந்தவர் ஹாஜி. இவை ஒவ்வொன்றும் வேறு வேறு தகுதி. தாடி இருக்கிறது என்பதற்காக எல்லோருக்கும் மௌலவி போட முடியாது. முத்தவல்லி சமயக் குரு அல்ல, பள்ளிவாசல் சொத்தையும் நிர்வாகத்தையும் கவனிப்பவர். அவருக்கு 'ஜனாப்' போதும்; ஹாஜி என்றால் 'ஹாஜி'. அவரை மதத் தலைவர்கள் வரிசையில் சேர்க்காமல் நிர்வாகிகள் வரிசையில் வையுங்கள். அவரே அதைத்தான் விரும்புவார்.

அப்புறம், அமைச்சரும் வருவதாக இருந்தால் 'மாண்புமிகு'. ஆளுநருக்கு முன்பு 'மேதகு' போட்டார்கள். 2012இல் குடியரசுத் தலைவர் மாளிகை 'எக்சலன்சி'யைக் கைவிட்டு 'ஆனரபிள்' என்பதைக் கொண்டுவந்தது. அதை ஒட்டி இப்போது ஆளுநருக்கும் மாண்புமிகுதான் பொருத்தம்.

முன்னால் 'மேதகு' போட்டு, பெயருக்குப் பின்னால் 'அவர்கள்' போட்டு, அதற்கும் பின்னால் 'ஐயா' சேர்ப்பது வேண்டாம். முன்னால் ஒன்று, பின்னால் 'அவர்கள்', அவ்வளவுதான்.

அச்சுக்குப் போகும் முன் ஒவ்வொரு அலுவலகத்துக்கும் மெய்ப்பைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பி, "பெயர் இப்படிச் சரிதானே?" என்று கேளுங்கள். மடத்திலும் ஆயர் இல்லத்திலும் இதைப் பார்ப்பதற்கென்றே செயலர் இருப்பார். ஆனால் அவரவர் வரியை மட்டும் வெட்டி அனுப்பாதீர்கள், முழுப் பக்கத்தையும் அனுப்புங்கள். தன் பெயர் யாருக்கு மேலே, யாருக்குக் கீழே வருகிறது என்பதும் அவர்களுக்குத் தெரிய வேண்டும்.