67 செ.மீ. லூட்டில் முதல் தந்தி அறுந்துகொண்டே இருப்பது பற்றி

வணக்கம். 67 செ.மீ. தந்தி நீளமுள்ள லூட்டை (மேற்கத்திய நரம்பிசைக் கருவி) ஏ=440-இல், அதாவது ஏ ஸ்வரத்தை 440 ஹெர்ட்ஸாக வைத்து, ஜி சுருதிக்கு ஏற்றும்போது முதல் குடல் தந்தி (விலங்குக் குடலில் செய்தது) அறுகிறது, 0.42 மி.மீ.க்குப் பதில் தடித்தது போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம், பணம்தான் வீண். எந்தச் சுருதியில் தந்தி அறும் என்பதை நீளமும் பொருளுமே தீர்மானிக்கின்றன. தடித்தால் வலு கூடும். அதே சுருதிக்குத் தேவைப்படும் இழுவிசையும் அதே விகிதத்தில் கூடிவிடும்.

நீளத்தை மீட்டரில் எடுத்து அதிர்வெண்ணால் பெருக்கிப் பாருங்கள். குடல் தந்திக்கு 240-க்குள் வந்தால் நிம்மதி. 260-ஐத் தொட்டால் தாங்காது. ஏ=440-இல் முதல் தந்தியின் ஜிக்கு அதிர்வெண் 392, எனவே உங்களுடையது 0.67 × 392, அதாவது 263. ஏ=415-க்கு இறக்கினாலும் 248 வரும், அதை நம்பி வாசிக்க முடியாது. ஏ=392-க்கு இறக்கினால் 234. அப்போது எல்லாத் தந்திகளுமே தளரும். பழைய இறுக்கம் வேண்டுமென்றால் ஒவ்வொன்றையும் சுமார் 12 சதவீதம் தடிமனாக மாற்றுங்கள். ஏ=440 குழுவோடு ஜி சுருதியில்தான் வாசிக்க வேண்டுமென்றால் 60 செ.மீ. லூட் தேவை, அதில் கணக்கு 235.

அறுந்த இடத்தையும் கவனியுங்கள். பிரடைப் (தந்தியை முறுக்கும் முளை) பக்கத்து நட்டின் (தந்திகள் பள்ளங்களில் பதிந்து செல்லும் சிறு கட்டை) மேலேயே அறுந்திருந்தால் பள்ளத்தின் விளிம்பு கூர்மையாக இருக்கும். நுண்ணிய உப்புத்தாளால் அதை மழுக்கி, பென்சில் கரியைத் தடவுங்கள். பிரடை விட்டு விட்டுத் திரும்பினாலும் சுருதி திடீரென எகிறி அறும்.

லூட்டைச் செய்தவருக்கு எழுதும்போது “தந்தி அறுகிறது” என்று மட்டும் எழுதாதீர்கள். நட்டிலிருந்து குதிரை (மறுமுனையில் தந்திகளைத் தாங்கும் கட்டை) வரை மி.மீ.யில் அளந்த நீளம், ஒவ்வொரு தந்தியின் தடிமன், அறுந்த முனையின் படம் மூன்றையும் அனுப்பி, எந்தச் சுருதிக்காக வடிவமைத்தார் என்று கேளுங்கள்.