பூங்கா மணலில் குழந்தை விளையாடலாமா?

கேள்வி: தெருமுனைப் பூங்காவின் மணல் தொட்டியில் என் மூன்றரை வயதுப் பையன் தினமும் விளையாடுகிறான். அங்கே நாய்களை நடக்கக் கூட்டி வருகிறார்கள், தெருநாய்களும் படுத்துக் கிடக்கின்றன. இவனோ மண்ணை அள்ளி வாயில் போடுகிறவன். விளையாட விடலாமா?
– வாசகி, சென்னை

பதில்: விடலாம் அம்மா. ஆனால் கண்ணுக்குத் தெரியும் மலம் மட்டும்தான் ஆபத்து என்று நினைக்காதீர்கள்.

நாயின் உருண்டைப் புழுவுக்கு டாக்சோகாரா என்று பெயர். அதன் முட்டை மலத்தோடு வெளியே வந்தவுடன் தொற்றாது. மண்ணில் இரண்டு முதல் நான்கு வாரம் கிடந்து, உள்ளே இளம்புழு உருவான பிறகுதான் தொற்றும். அதற்குள் மலம் கரைந்து பொடிந்து, மணல் பளிச்சென்று இருக்கும். நிழலும் ஈரமும் இருந்தால் முட்டை வருடக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். பிளீச்சிங் பவுடருக்கும் சானிடைசருக்கும் அது சாகாது. அதனால்தான் மலத்தை அன்றன்றே அள்ளிவிட வேண்டும் என்று சொல்கிறோம்.

குட்டி நாய்கள்தான் இந்த முட்டையை அதிகம் பரப்புகின்றன. தாயின் வயிற்றிலேயே அவற்றுக்குப் புழு வந்துவிடும். விலா எலும்பு துருத்திக்கொண்டு, வயிறு மட்டும் உப்பி, சேமியா போல வெள்ளைப் புழுக்களை வாந்தி எடுக்கும் ஒன்றரை மாதக் குட்டிகளை அடிக்கடி என்னிடம் தூக்கி வருகிறார்கள். குட்டிக்கு இரண்டு வார வயதிலேயே பூச்சி மருந்தைத் தொடங்க வேண்டும்.

கொக்கிப் புழு வேறு வகை. ஒரு வாரம் பத்து நாளில் அதன் இளம்புழு தயாராகி, வெறுங்காலின் தோல் வழியாகவே நுழைந்துவிடும். அரிப்போடு, நெளிந்து நெளிந்து நீளும் சிவந்த கோடு பாதத்தில் தெரிந்தால் அது இதுவாக இருக்கலாம். மாத்திரையில் சரியாகிவிடும். பூங்காவில் செருப்பைக் கழற்ற விடாதீர்கள்.

மண்ணோடு டாக்சோகாரா முட்டையை விழுங்கிய குழந்தைகளில் பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆகாது. சிலருக்கு இளம்புழு கல்லீரல், நுரையீரல் என்று அலையும். அரிதாகக் கண்ணுக்கும் போகும். விடாத காய்ச்சல், இருமல், இளைப்பு, ஒரு கண்ணில் பார்வை மங்கல் அல்லது புதிதாக மாறுகண் தெரிந்தால் குழந்தை மருத்துவரிடம் கூட்டிப்போய், "இவன் மண் தின்பான்" என்பதை முதலில் சொல்லுங்கள். இந்தப் புழு மனிதக் குடலில் வளர்ந்து முட்டையிடாது. எனவே மலப் பரிசோதனையில் தெரியாது, ரத்தப் பரிசோதனைதான் வேண்டும். அங்கன்வாடியில் கொடுக்கும் ஒற்றைப் பூச்சி மாத்திரையும் இதற்குப் போதாது.

அப்புறம், மண் தின்னும் பழக்கத்துக்கு இரும்புச்சத்துக் குறைவும் காரணமாக இருக்கலாம். ஹீமோகுளோபின் அளவை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

நகத்தை ஒட்ட வெட்டி, விளையாடி முடித்ததும் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவிவிடுங்கள். முறுக்கு, பிஸ்கட் எல்லாம் அதற்குப் பிறகுதான். பூங்காவைப் பராமரிப்பவர்களிடம் பேசி, இரவில் தொட்டியைத் தார்ப்பாய் போட்டு மூடச் சொல்லுங்கள். பகலில் திறந்து மணலைக் கிளறி வெயில் காட்டட்டும். வெயில் சூடும் காய்தலும்தான் அந்த முட்டைக்கு ஆகாது.